டிக்கெட் இல்லாத பயணி

நூறாண்டுகளுக்கு முன் கையில் காசில்லாமல் இந்தியாவைச் சுற்றினார் ஒரு துறவி. அவருக்குப் பாடம் சொன்னவர்கள் டிக்கெட் பரிசோதகர்கள், போலீஸ்காரர்கள், குடிசைப் பெண்கள். அந்தப் பயணத்தைத் தாங்கிய நம்பிக்கை இன்று எந்த நிலையில் இருக்கிறது?

1923-ம் ஆண்டு. ஓடும் ரயிலில் டிக்கெட் பரிசோதகர் ஒருவர் காவி உடுத்திய ஒல்லியான மனிதரிடம் வந்து நிற்கிறார். டிக்கெட்? இல்லை. காசு? அதுவும் இல்லை. சாதுவின் சிறு மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறார் பரிசோதகர். துணிமணி கொஞ்சம், சில புத்தகங்கள். ஒன்று பகவத் கீதை. இன்னொன்று பைபிளின் புதிய ஏற்பாடு.

பரிசோதகர் கிறிஸ்தவர். காவி மூட்டைக்குள் பைபிளை அவர் எதிர்பார்க்கவில்லை. கிறிஸ்துவிடம் நம்பிக்கை உண்டா என்று கேட்கிறார். ஏன் இருக்கக்கூடாது, மனிதகுலம் கடைத்தேற வந்த இறைத் தூதர்தானே அவரும் என்கிறார் சாது, சரளமான ஆங்கிலத்தில். பரிசோதகர் மனம் இளகுகிறார். தொந்தரவு செய்ததற்கு வருத்தம் தெரிவித்துவிட்டு, அப்படியே உட்கார்ந்திருக்கலாம் என்று சொல்லி நகர்கிறார்.

அந்த சாதுவின் பெயர் ராமதாஸ். பின்னாளில் வடகேரளத்தின் காஞ்ஞங்காடு ஆனந்தாசிரமத்தில் 'பப்பா' என்று அழைக்கப்பட்டவர். ஏறத்தாழ ஓராண்டு நீண்ட தன் முதல் பயணத்தை அவரே ஆங்கிலத்தில் எழுதி வைத்தார். 'கடவுளைத் தேடி' என்று பொருள்படும் தலைப்பில் 1925-ல் வெளிவந்த அந்தச் சிறு நூல், இந்தியத் துறவிகள் எழுதிய தன்வரலாறுகளில் தனி ரகம். அதில் மாயம், மந்திரம், சித்து எதுவும் கிடையாது. பிளாட்பாரத்தில் எங்கே படுத்தார், யார் சோறு போட்டார், எந்த ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்கள் என்பவைதான் பக்கம் பக்கமாக வருகின்றன. 'நான்' என்ற சொல்லைத் தவிர்த்து 'ராமதாஸ்' என்றே தன்னைக் குறிப்பிட்டுக்கொள்கிறார். சந்திக்கும் ஒவ்வொருவரும் அவருக்கு ராமன். துணைக்கு வரும் சாது 'சாதுராம்'. ரயிலிலிருந்து இறக்கிவிடும் அதிகாரியும் அதே ராமன்தான்.

கேட்க அழகாக இருக்கிறது. நடைமுறையில் இது எப்படி வேலை செய்தது என்பதுதான் அந்த நூலின் சுவாரஸ்யம்.

மில்லிலிருந்து காவிரிக்கு

ராமதாஸின் இயற்பெயர் விட்டல் ராவ். 1884-ல், அப்போது சென்னை மாகாணத்தின் தென் கன்னட மாவட்டத்தில் இருந்த ஹொஸதுர்க்கில் பிறந்தவர். பம்பாயில் விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனத்தில் ஜவுளித் தொழில் படித்தார். நூற்பு மில்களில் வேலை பார்த்தார். எதிலும் நிலைக்கவில்லை. மங்களூரில் சேலைகளுக்குச் சாயம் ஏற்றி அச்சிடும் சொந்தத் தொழில் தொடங்கினார். அதுவும் நொடித்துப் போயிற்று. மனைவி, ஒரு மகள், தீராத கவலைகள். தன் துறவின் தொடக்கம் ஞானத் தாகம் மட்டுமல்ல, தாங்க முடியாத மனக்கஷ்டமும்தான் என்பதை அவர் மறைக்கவில்லை. அந்த நிலையில் அவருடைய தந்தையே அவருக்குப் பதின்மூன்றெழுத்து ராம மந்திரத்தை உபதேசித்தார்.

1922 டிசம்பர் 27. பொழுது விடியும் முன் மங்களூரில் ரயில் ஏறினார் விட்டல் ராவ். கையில் 25 ரூபாய், சில துணிகள், சில புத்தகங்கள். எங்கே போவது என்ற திட்டம் இல்லை. மாலையில் ஈரோட்டில் இறங்கினார். பசி. ஸ்டேஷனுக்கு அருகே தாழ்வான ஒரு குடிசை. உள்ளே நடுத்தர வயதுப் பெண் ஒருவர். சாப்பிட ஏதாவது கிடைக்குமா என்று கேட்ட அந்நியருக்கு அவர் சோறும் தயிரும் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். வற்புறுத்தித்தான் கொடுக்க வேண்டியிருந்தது. பின்னாளில் உலகம் சுற்றிய ஒரு துறவியின் பயணத்தில் முதல் நாள் சோறு போட்டவர், பெயர் தெரியாத அந்த ஈரோட்டுப் பெண்மணிதான்.

அன்றிரவு ஸ்டேஷனில் மணி அடித்தது. எல்லோரும் டிக்கெட் எடுக்க ஓடினார்கள். பக்கத்தில் இருந்தவர் எங்கே போகிறார் என்று கேட்டார். திருச்சி என்று பதில் வந்தது. அவரும் திருச்சிக்கு டிக்கெட் எடுத்தார். அங்கிருந்து நடந்து ஸ்ரீரங்கம் போய்ச் சேர்ந்தார். காவிரியில் குளித்து, வெள்ளை வேட்டியை விட்டுக் காவி உடுத்தி, மூன்று உறுதிகள் எடுத்துக்கொண்டார். வாழ்வு முழுவதும் ராமனுக்கு. பிரம்மசரியம். உணவு, பிச்சையாகக் கிடைப்பது மட்டும். காவி தர குரு யாரும் அருகில் இல்லை. மடமும் இல்லை, சடங்கும் இல்லை. ராமதாஸ் என்ற பெயரையும் அவரேதான் வைத்துக்கொண்டார்.

அதன்பின் ராமேஸ்வரம், மதுரை, சிதம்பரம், புதுச்சேரி. திருவண்ணாமலையில் ரமண மகரிஷியைப் பார்த்தார். ஆங்கிலத்தில் ஆசி வேண்டினார். ரமணர் எதுவும் பேசவில்லை. சில நிமிடங்கள் கண்ணோடு கண் பார்த்துத் தலையசைத்தார். ராமதாஸ் மலையேறி ஒரு குகையில் ஏறக்குறைய மூன்று வாரம் ராம நாமத்தோடு இருந்தார். வெளியே வந்தபோது மரத்தையும் எதிரே வந்த மனிதரையும் ராமன் என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டதாகப் பின்னாளில் சிரித்தபடி சொல்வார். எதிரே வந்தவர் மிரண்டுபோனதையும் மறக்காமல் சொல்வார்.

ரயிலடிப் பாடங்கள்

குகையில் கிடைத்த அனுபவம் நிஜமானதா என்று பார்க்க உகந்த இடம் ரயில்வே பிளாட்பாரம். திருப்பதி, பூரி, கல்கத்தா, காசி, அயோத்தி, ஜான்சி, ஹரித்துவார் என்று வடக்கே போன வழியெல்லாம் ராமதாஸுக்குச் சோதனை வைத்தது ரயில்வேதான்.

டிக்கெட் இல்லாத சாதுக்கள் அன்றைய ரயில்களில் சர்வ சாதாரணம். சில பரிசோதகர்கள் கண்டுகொள்ள மாட்டார்கள். சிலர் அடுத்த ஸ்டேஷனில் இறக்கிவிடுவார்கள். ராமதாஸ் வாதாடுவதில்லை. சாது என்பதால் இலவசமாகப் போகும் உரிமை தனக்கு உண்டு என்று ஓரிடத்திலும் அவர் சொல்லவில்லை. இறங்கச் சொன்னால் இறங்குவார். இந்த ஊரில் கொஞ்ச நேரம் இருக்க வேண்டும் என்பது ராமனின் விருப்பம் போலும் என்று நினைத்துக்கொள்வார். உடன் வந்த சாதுராமுக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. அவர் பதறுவார், பயப்படுவார், அலுத்துக்கொள்வார். படிக்கும் நமக்கு அந்த இரண்டாவது மனிதர்தான் நெருக்கமாகத் தெரிகிறார்.

போலீஸிலும் இரு வகையினரும் உண்டு. துரத்தியவர்கள் இருந்தார்கள். தாமாக வந்து ரயிலில் இடம்பிடித்துக் கொடுத்தவர்களும் இருந்தார்கள். இருவரையும் ஒரே கண்ணால் பார்ப்பது என்பதுதான் ராமதாஸ் தனக்கு வைத்துக்கொண்ட பரீட்சை. சோறு போடுபவரிடம் கடவுளைக் காண யாருக்கும் பயிற்சி வேண்டாம். கழுத்தைப் பிடித்துத் தள்ளுபவரிடமும் அதைக் காண்பதற்குத்தான் பயிற்சி தேவை. அந்தப் பயிற்சிக்கு ஆசிரமத்தைவிட பிளாட்பாரம் உகந்தது. அங்கே யாரும் வணங்க மாட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எல்லாம் அவன் செயல் என்பது, அநியாயத்தைச் சகித்துக்கொள்ளச் சொல்லும் வாதமாகவும் ஆகிவிடலாம். ராமதாஸ் பயணம் செய்த அதே மாதங்களில் காந்தி எரவாடா சிறையில் இருந்தார். அவருக்கும் ராம நாமம் உண்டு. ஆனால், அவர் அதிகாரியிடம் போகச் சொன்ன இடத்துக்குப் போகிறவர் இல்லை. ராமதாஸின் வழி வேறு. தன்னைத் தள்ளியவரை மன்னிக்கும் உரிமை தள்ளப்பட்டவருக்கு உண்டு என்பதோடு அவர் நின்றுகொண்டார். பசித்தவனைப் பார்த்து, உன் பசியும் ராமன் விருப்பம் என்று அவர் உபதேசம் செய்யவில்லை. அவர் ஏற்றுக்கொண்ட பசி, அவரே விரும்பி ஏற்ற பசி.

ரயில்வேக்கு நஷ்டம்தானே என்று கேட்பவர்களும் இருப்பார்கள். நியாயமான கேள்வி. டிக்கெட் இல்லாப் பயணம் அன்றைய 1890 சட்டப்படியும் தவறுதான், இன்றைய 1989 சட்டப்படியும் தவறுதான். காவிக்கு விலக்கு கிடையாது. சட்டம் கண்ணை மூடிக்கொண்டதென்றால், அதற்குக் காரணம் அதைக் கையில் வைத்திருந்த சிப்பந்திகளின் இரக்கம். பைபிளைப் பார்த்து மனம் மாறிய பரிசோதகர் செய்ததும் ஒரு விதத்தில் பிச்சைதான். அரிசிக்குப் பதிலாக இருக்கை கொடுத்தார்.

ஹூக்காவும் வெள்ளரிக்காயும்

வழியில் சந்தித்தவர்களிடம் பாடம் கற்ற முதல் துறவி ராமதாஸ் அல்ல. அவருக்கு 30 ஆண்டுகளுக்கு முன்பு இன்னும் பெரிய பெயர் ஒன்று இதே பாதைகளில் நடந்திருக்கிறது. அப்போது அந்தப் பெயரை யாருக்கும் தெரியாது.

1886-ல் ராமகிருஷ்ணர் மறைந்தபின், 1888 முதல் 1893 வரை பரிவிராஜகராக, அதாவது ஓரிடத்தில் தங்காமல் சுற்றும் துறவியாக, இந்தியாவைச் சுற்றினார் விவேகானந்தர். விவிதிஷானந்தர், சச்சிதானந்தர் என்று வெவ்வேறு பெயர்களில் பயணம் செய்தார். பிருந்தாவனத்துக்கு நடந்துபோகும் வழியில், சாலையோரத்தில் ஒருவர் புகைபிடித்துக்கொண்டிருந்தார். களைத்திருந்த விவேகானந்தர் தனக்கும் கொஞ்சம் கேட்டார். அந்த மனிதர் தயங்கினார். தான் துப்புரவுத் தொழில் செய்யும் சாதி என்றார். விவேகானந்தர் சட்டென்று பின்வாங்கி நடந்தார். சிறிது தூரம் போனதும் உறைத்தது. சாதி, குலம் எல்லாவற்றையும் துறந்ததாகச் சொல்லிக்கொண்ட பிறகு எதற்கு இந்தத் தயக்கம்? திரும்பி வந்து, அவரிடமே வாங்கிப் புகைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். இதைப் பின்னாளில் சீடர்களிடம் சொன்னவர் அவரேதான். வேதாந்தம் படித்தும் போகாத ஒன்று, சாலையோரத்தில் ஒரு தொழிலாளியின் முன்னால் வெளிப்பட்டது.

1890-ல் அல்மோராவுக்கு அருகே பசியால் சோர்ந்து விழுந்தார். எதிரே முஸ்லிம் இடுகாடு. அதைக் கவனித்துக்கொண்டிருந்த ஃபக்கீர் ஒரு வெள்ளரிக்காயைக் கொடுத்து உயிர் கொடுத்தார். 1897-ல் விவேகானந்தர் புகழோடு அல்மோராவுக்கு வந்தார். வரவேற்புக் கூட்டத்தில் அந்த ஃபக்கீரை அடையாளம் கண்டு, தன் உயிரைக் காத்தவர் என்று சொல்லிக் கௌரவித்தார்.

1892-ல் பம்பாயிலிருந்து பூனாவுக்குப் போன ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் பால கங்காதர திலகர். வழியனுப்ப வந்த குஜராத்தி நண்பர்கள் கேட்டுக்கொண்டதால் சில நாட்கள் தன் வீட்டில் தங்க வைத்தார். பெயர் கேட்டபோது கிடைத்த பதில், சன்னியாசி என்பது மட்டும். கையில் காசு இல்லை. திலகரும் அதற்குமேல் துருவவில்லை. விவேகானந்தர் புகழோடு நாடு திரும்பி, அவர் படம் பத்திரிகைகளில் வந்த பிறகுதான் தன் வீட்டில் தங்கியவர் யார் என்று யூகித்தார்.

திலகருக்கு அப்போதே நாடறிந்த பெயர். வந்தவருக்கோ பெயரே இல்லை. ஒரு வாரத்துக்கு மேல் வீட்டில் வைத்துச் சோறு போட அவருக்குக் காவி உடையும் பேச்சும் போதுமானதாக இருந்தன. இன்றைக்கு அப்படி ஒருவரை வீட்டுக்குள் விடுவோமா என்ற கேள்வியை எந்த வாசகரும் தவிர்க்க முடியாது.

சோறு போட்டவர்கள்

இந்த ஏற்பாடு தனிமனிதர்களின் நல்ல மனத்தை மட்டும் நம்பியிருக்கவில்லை. அதற்கு விதிகளும் இருந்தன, கட்டடங்களும் இருந்தன. சன்னியாசி ஓர் ஊரில் அதிக நாட்கள் தங்கக்கூடாது. பாசம் ஒட்டிக்கொள்ளும். மழைக்காலத்தில் மட்டும் சாதுர்மாஸ்யம் என்று ஓரிடத்தில் இருக்கலாம், பூச்சி புழுக்களும் முளைப் பயிர்களும் காலில் மிதிபடாமல் இருக்க. பிச்சையும் ஒரே வீட்டில் வயிறு நிறைய வாங்கக்கூடாது. தேனீ பூவுக்குப் பூ கொஞ்சம் எடுப்பது போலப் பல வீடுகளில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்க வேண்டும். அதனால்தான் அதற்கு மதுகரி என்று பெயர். கொடுப்பவருக்குப் பாரமாகாமல் இருக்கவும், வாங்குபவர் ஒரு வீட்டுக்குக் கட்டுப்படாமல் இருக்கவும் இதைவிட எளிய ஏற்பாடு இல்லை.

கட்டடங்களுக்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. காசியிலிருந்து ராமேஸ்வரத்துக்கு வருபவர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் வழியெங்கும் சத்திரங்கள் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி எழுப்பிய ஒரத்தநாடு முத்தம்பாள் சத்திரம் இன்றும் நிற்கிறது. எதிர்த்திசையில், தமிழ்நாட்டிலிருந்து காசிக்குப் போனவர்களை நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் ஏந்திக்கொண்டது. ரிஷிகேசத்தில் காலி கம்ளிவாலா பாபா என்ற கறுப்புக் கம்பளித் துறவி தொடங்கிய க்ஷேத்திரம், கேதார், பத்ரி மலைப்பாதை நெடுகத் தர்மசாலைகளை அமைத்தது. கங்கையோரம் வருகிற சாதுக்களுக்குக் கேள்வி கேட்காமல் உணவு தந்தது. ராமதாஸ் கேதார்நாத்துக்கும் பத்ரிநாத்துக்கும் நடந்துபோனபோது இந்த ஏற்பாடு உயிரோடு இருந்தது. சாலை இல்லாத காலத்தில், பனியிலும் பள்ளத்தாக்கிலும் காசில்லாமல் ஒரு மனிதர் போய்த் திரும்பினார் என்றால், அதற்குப் பின்னால் அவருடைய ராம நாமத்தோடு எத்தனையோ முகமறியா வியாபாரிகளின் கோதுமை மூட்டைகளும் இருந்தன.

இந்தப் பழக்கம் அற்றுப்போகவில்லை என்பதற்கு நர்மதை சாட்சி. அந்த நதியைச் சுற்றி வருவது பரிக்கிரமா. 1,312 கி.மீ. நீள நதியின் ஒரு கரையில் கடல் வரை நடந்து, மறு கரையில் திரும்ப வேண்டும். மரபுப்படி மூன்று ஆண்டு, மூன்று மாதம், பதின்மூன்று நாள். மத்தியப் பிரதேசத்திலும் குஜராத்திலும் கரையோரக் கிராமத்தவர்கள் 'நர்மதே ஹர்' என்ற குரல் கேட்டால் போதும், யார் எவர் என்று கேட்காமல் மாவும் பருப்பும் எடுத்துத் தருகிறார்கள். அதற்கு சதாவிரத் என்று பெயர். தருபவர்களில் பெரும்பாலோர் வசதி படைத்தவர்கள் அல்ல. சர்தார் சரோவர் நீர்த்தேக்கம் பழைய பாதையின் ஒரு பகுதியை மூழ்கடித்த பிறகும் மக்கள் வேறு வழியில் சுற்றிக்கொண்டு நடக்கிறார்கள்.

விட்டு வந்த வீடு

துறவியின் கதையைச் சொல்பவர்கள் வழக்கமாகத் தாண்டிப் போகும் ஓர் அத்தியாயம் உண்டு. ராமதாஸ் வீட்டை விட்டுக் கிளம்பும்போது மனைவிக்கு ஒரு கடிதம் எழுதி வைத்தார். இனி அவர் தனக்குச் சகோதரி என்பது அதன் சாரம். காலையில் அதைப் படித்த அந்தப் பெண்ணுக்கு, நொடித்துப் போன தொழிலும் வளர்க்க வேண்டிய ஒரு மகளும் மிஞ்சின. யாரிடமும் அனுமதி கேட்கப்படவில்லை.

நம் மரபு இதைக் கண்டுகொள்ளாமல் இருந்ததில்லை. மனைவி மக்களுக்கு வழி செய்யாமல் துறவு கொள்பவனுக்கு அபராதம் விதிக்கச் சொல்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். காவியைக் கண்டு கைகூப்பிய அதே நாட்டில்தான், அந்தக் காவிக்குப் பின்னால் பட்டினி கிடக்கும் குடும்பம் இருக்கக்கூடாது என்று ராஜ்ய நிர்வாக நூலில் எழுதி வைத்தார்கள்.

பயணத்தின் கடைசிக் கட்டத்தில் ராமதாஸ் பண்டரிபுரம், பிஜாப்பூர் வழியாக ஹூப்ளிக்கு வந்து சித்தாரூட சுவாமிகளின் மடத்தில் தங்கியிருந்தார். செய்தி அறிந்து மனைவி மகளோடு அங்கே வந்தார். வீட்டுக்குத் திரும்பி வரும்படி அழைத்தார். ராமன் அவிழ்த்துவிட்ட கட்டை மறுபடி கட்டிக்கொள்ள முடியாது என்பதுதான் ராமதாஸின் பதில். மங்களூருக்குத் திரும்பினார். ஆனால், வீட்டில் குடியேறவில்லை. கத்ரி மலையில் பஞ்ச பாண்டவர் குகை எனப்படும் இடத்தில் தங்கினார். பயணக் கதையை எழுதியது அங்கேதான்.

உலகம் முழுவதையும் ராமன் என்று பார்ப்பவர், ஒரே ஒரு பெண்ணின் கோரிக்கையை மட்டும் ஏற்க முடியாமல் போனது ஏன் என்ற கேள்வி எழத்தான் செய்யும். பக்தர்களுக்கு அதில் முரண்பாடு இல்லை. ஒரு வீட்டுக்கு உரியவராக இருந்தவர் எல்லா வீட்டுக்கும் உரியவரானார் என்பார்கள். அந்த ஒரு வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எப்படிப் பட்டிருக்கும் என்பது வேறு விஷயம். ராமதாஸைப் பாராட்ட வேண்டிய இடம் ஒன்று உண்டு. ஹூப்ளியில் நடந்ததை அவர் தன் நூலில் மறைக்கவில்லை. தனக்குச் சாதகமான சம்பவங்களை மட்டும் பொறுக்கி எழுதுபவராக இருந்திருந்தால் அந்தப் பக்கத்தை எளிதாக விட்டிருக்கலாம்.

1931-ல் காஞ்ஞங்காட்டில் ஆனந்தாசிரமம் அமைந்தது. அதை அவரோடு நின்று நடத்தியவர் கிருஷ்ணாபாய் அம்மையார். ஓரிடத்தில் நிலைத்த பிறகும் ராமதாஸின் பயணங்கள் நிற்கவில்லை. 1954-55-ல் உலகச் சுற்றுப்பயணம் போனார். இம்முறை டிக்கெட்டோடு. 1963 ஜூலை 25-ல் மறைந்தார்.

சந்தேகத்தின் காலம்

இன்றைய சாது வேறு உலகத்தில் நடக்கிறார். அவர் பையில் ஆதார் அட்டை இருக்கிறது, மொபைல் இருக்கிறது. அரசாங்கமும் அவரை ஒரு வகையாக அடையாளம் கண்டிருக்கிறது. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் பெற்றோர் பெயருக்குப் பதிலாக குருவின் பெயரை எழுதலாம் என்று 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதியைத் தளர்த்தியது. 2025 ஜனவரி, பிப்ரவரியில் பிரயாக்ராஜில் நடந்த மகா கும்பமேளாவில் அகாடாக்களின் ஊர்வலங்களை நாடே டி.வி.யில் பார்த்தது. கூட்டமாக, யானை, குதிரை, கொடியோடு வரும் துறவிக்குக் குறைவில்லாத மரியாதை. தனியாக, பெயரில்லாமல், ஒரு கிராமத்துச் சாலையில் வரும் துறவியின் கதை வேறு.

2020 ஏப்ரல் 16. ஊரடங்குக் காலம். குருவின் இறுதிச் சடங்குக்காக மும்பையிலிருந்து சூரத்துக்குக் காரில் போன இரண்டு சாதுக்கள், மகாராஷ்டிரத்தின் பால்கர் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் மறிக்கப்பட்டார்கள். குழந்தை திருடுபவர்கள் சுற்றுகிறார்கள் என்ற வதந்தி ஏற்கெனவே பரவியிருந்தது. கூட்டம் அவர்களை அடித்தே கொன்றது. ஒருவருக்கு வயது 70, இன்னொருவருக்கு 35. காரை ஓட்டிய இளைஞரும் தப்பவில்லை. தொடர்ந்து கைதானவர்கள் நூற்றுக்கும் மேல்.

2022 செப்டம்பரில் அதே மாநிலத்தின் சாங்லி மாவட்டத்தில் இன்னொரு சம்பவம். உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த நான்கு சாதுக்கள், பிஜாப்பூரிலிருந்து பண்டரிபுரத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். வழியில் ஒரு சிறுவனிடம் பாதை கேட்டார்கள். அது போதுமானதாக இருந்தது. பிள்ளை பிடிப்பவர்கள் என்று கருதிய கிராமத்தவர்கள் கம்புகளால் அடித்தார்கள். போலீஸ் வந்து விசாரித்ததில் அவர்கள் நிஜமான சாதுக்கள் என்று தெரிந்தது.

பண்டரிபுரத்துக்கும் பிஜாப்பூருக்கும் இடையே 1923-ல் ராமதாஸ் கடந்த அதே வட்டாரம்தான் இது. அன்றும் காவிக்குள் போலிகள் இருந்தார்கள். திருடர்கள் இருந்தார்கள். கிராமத்தவர்களுக்கு அது தெரியாமல் இல்லை. தெரிந்தும், சந்தேகத்தின் பலன் வந்தவருக்குத்தான் என்று வைத்திருந்தார்கள். ஒரு கைப்பிடி மாவு போனால் போகட்டும், பட்டினியோடு ஒருவரை அனுப்பிய பாவம் வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. கைக்குள் வரும் வதந்திகள் அந்தக் கணக்கைத் தலைகீழாக்கிவிட்டன. ஏமாறினால் போவது மாவு அல்ல, பிள்ளை என்ற பயம் வந்துவிட்டால், எந்தத் தாயும் தர்மம் பார்க்க மாட்டாள். அந்தப் பயத்தைக் கேலி செய்யவும் முடியாது. பலியானவர்கள் சாதுக்கள் மட்டுமல்ல. 2017, 2018-ல் இதே வதந்தி பல மாநிலங்களில் வழிப்போக்கர்களையும் கூலித் தொழிலாளர்களையும் நாடோடிகளையும் கொன்றிருக்கிறது. அவர்களிடமும் இருந்த ஒரே குற்றம், ஊருக்குப் புதியவர்கள் என்பது.

துறவியின் ஆன்மிகம் அவருடைய சொந்த விவகாரம் என்று நினைப்பதுண்டு. ராமதாஸின் நூல் அப்படிச் சொல்லவில்லை. அவருடைய சரணாகதியில் பாதி, கதவைத் திறந்தவர்களின் கையில் இருந்தது. பரிசோதகர் ஒருவர் மனம் இளகவும், குடிசைப் பெண் ஒருவர் தயிர் ஊற்றவும் தயாராக இருந்த நாட்டில்தான் எல்லோரும் ராமன் என்று சொல்லிக்கொண்டு ஒரு மனிதர் ஓராண்டு உயிரோடு சுற்றிவர முடிந்தது.

சாங்லியில் அடிபட்ட நான்கு பேரும் போலீஸில் புகார் கொடுக்க முன்வரவில்லை. தாமாக வழக்குப் பதிவு செய்து சிலரைக் கைது செய்தது போலீஸ்தான்.